மழை முடியும்வரை மாடியில் இருந்த பாய்

எங்களுக்குப் பூகோளம் நடத்திய வெளிநாட்டுக் கன்னியாஸ்திரீ ஒரு நாள் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். பனி விழத் தொடங்கும் முன்பே மீன்பிடிப் படகுகளின் பாயையெல்லாம் அவிழ்த்து அலசி, வைக்கோல் பரணில் ஏற்றிவிடுவார்களாம். வசந்தம் வரும்வரை அது அங்கேயே கிடக்குமாம். வகுப்பில் எல்லோரும் பனியைப் பற்றிக் கேட்டார்கள். நான் பாயைப் பற்றிக் கேட்டேன். எலி கடிக்காதா, பூஞ்சணம் பிடிக்காதா என்று. அவருக்குத் தெரியவில்லை. "உனக்கு எதற்குப் பெண்ணே அதெல்லாம்?" என்றார். எதற்கு என்று எனக்கும் அப்போது தெரியாது. கேள்வி வந்துவிட்டால் வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி நான், அவ்வளவுதான்.

சாந்தோமில் பனி ஏது? ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குக் குளிர்காலம். கடல் சேற்று நிறமாகி, அலை கரையை அறுத்துக்கொண்டு போகும். மீன்பிடிக் குப்பத்து ஆட்கள் கட்டுமரங்களைக் கட்டவிழ்த்து மணல்மேட்டில் ஏற்றிவிடுவார்கள். மரம் நனைவதால் ஒன்றும் குறைந்துவிடாது. பாய்தான் பிரச்சினை. துணிதானே அது. நனைந்து காயாமல் சுருண்டு கிடந்தால் உள்ளுக்குள்ளேயே அவிந்து, தை மாதம் விரித்துப் பார்க்கும்போது கையோடு பிய்ந்து வரும். அது உலகச் சண்டைக் காலம் வேறு. துணிக்குக் கண்ட்ரோல். கட்டிக்கொள்ளும் புடவைக்கே கடை வாசலில் காலையிலிருந்து நிற்க வேண்டியிருந்தபோது, பாய்க்குத் துணி யார் கொடுப்பார்கள்? பாய் போன மரம் துடுப்பை நம்பிக் கரையோரமாகவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆழத்து மீன் அதற்கு இல்லை.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாளின் கணவர் அந்த வருஷம் மழை தொடங்கும் முன்பு தன் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். எங்களுடையது பறங்கிக் காலத்து வீடு என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கீழே கூடம், அதற்கு மேலே பலகைத் தளம் போட்ட ஓர் அறை, அதன் பக்கத்தில் கொஞ்சம் மொட்டை மாடி, அதற்கு வெளியிலிருந்தும் ஒரு படி. அறைக்கு ஓட்டுக் கூரை. அப்பா மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

"வாத்தியாரே, மழ வுடற வரிக்கும் இது உங்க மாடியில இருக்கட்டும்," என்றார் அவர். "எங்க குடிசையில எலிக்கும் எனக்கும் படுக்க எடம் பத்தல."

"கோயில் மண்டபத்துல கேட்டுப் பாரேன்பா," என்றாள் அம்மா. அவள் புடவைத் தலைப்பு மூக்கருகே போயிருந்தது.

"அங்க வௌவால் கீது தாயி. பாய் மேலயே பேண்டு வெக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள். அதற்குள் அப்பா செய்த காரியத்தை நான் கவனித்தேன். பாயின் ஒரு விளிம்பை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அந்த விரலை நாக்கு நுனியில் வைத்தார்.

"உப்பு இன்னும் போகலை," என்றார். "நல்ல தண்ணியில இன்னொரு தடவை அலசிக் காயவெச்சுக் கொண்டா. உப்பு இருந்தா காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும்."

அந்த மனிதர் அப்பாவை ஒரு கணம் பார்த்தார். "சர்தான் வாத்தியாரே," என்று சொல்லிவிட்டுப் பாயைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுக்களையில் நான் அம்மாவை விடவில்லை. அப்பாவுக்கு எப்படித் தெரியும், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று துளைத்தெடுத்தேன். அம்மா முதலில் புத்தகத்தில் படித்திருப்பார் என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அடுப்புக்கே கேட்காத குரலில் சொன்னாள். அப்பாவின் அப்பா கட்டுமரத்தில் போனவர். பங்குச் சாமியார் ஒருவர் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அப்பா வாத்தியார் ஆனார். கோயில் கணக்கு எழுதிய பரம்பரை, பறங்கிக் காலத்திலிருந்தே உத்தியோகம் என்று எங்கள் வீட்டில் சொல்வதெல்லாம் அம்மாவின் பக்கத்துக் கதை. அப்பாவுக்கும் சேர்த்து அதையே போர்த்தி வைத்திருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் அப்பா ஏன் ஒரு மாலைகூட அந்தப் பக்கம் காலாற நடந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு அது கேவலமாகப் படவில்லை. தெருவெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டுபோய் மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"வெளியில மூச்சு விடமாட்டேன்னு சொல்லு. உங்க அக்காவுக்கு ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இதுவும் தெரிஞ்சா அவ இப்படியே நிக்க வேண்டியதுதான்."

சொன்னேன். அக்காவுக்காகச் சொன்னேன். அவள் என்னைவிட ஏழு வயது பெரியவள், அப்பாவின் பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். ஓர் இடம் நிறத்தால் போனது, இன்னோர் இடம் நகையால். மூன்றாவதாக, தேனாம்பேட்டையிலிருந்து ஓர் இடம் வந்திருப்பதாக, கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சொல்லியிருந்தார். பையன் தந்தி ஆபீஸில் வேலை. நல்ல குணம், குடிப்பதில்லை. அக்கா அவனை ஒரு திருநாள் பூசையில் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் தலை வாரிக்கொள்ளும் நேரம் அதிகமாகிவிட்டது. நான் கேலி செய்தால் சீப்பாலேயே ஒரு போடு போடுவாள்.

பாய் மறுபடி வந்தது. உப்புப் போய், காய்ந்து, உருட்டிய சுருளாக. மாடி அறை உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு விட்டு, சுவரில் படாமல் நடுவே தொங்கவிட்டார் அந்த மனிதர். ஒவ்வொரு கயிற்றிலும் கவிழ்த்த கொட்டாங்கச்சி ஒன்றைக் கோத்தார். எலி கயிற்றில் இறங்கினால் அந்த வழுக்கலில் கால் பாவாமல் விழுந்துவிடும். அடிக்கொரு தரம் வெயில் வரும்போது பாய்க்குக் கொஞ்சம் காற்றுக் காட்டும்படி சொல்லிவிட்டுப் போனார்.

காற்றுக் காட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. ஒரு நாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அக்காவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாயை மொட்டை மாடியில் விரித்தேன். மரப்பட்டைச் சாயம் ஏறி ஏறிக் காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தது. காற்று உள்ளே புகுந்து அது உப்பியபோது வீடே நகரப்போவது போல எனக்கு ஒரு குதூகலம். எதிர்வீட்டில் மெத்தை தைக்கும் சாயபு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா வாத்தியார் பொண்ணு, ஊட்ட கடலுக்கு ஓட்டிக்கினு போறியா?"

"வரீங்களா சாயபு?"

"நம்மளுக்கு தலை சுத்தும்மா. நீ போய்ட்டு வா."

அம்மா ஓடிவந்து எங்களைக் கைப்பிடிச் சுவரிலிருந்து உள்ளே இழுத்தாள். அதற்குள் தூறலும் பிடித்துக்கொண்டது. நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறி, அவசர அவசரமாகப் புடவை மடிக்கிற மாதிரி மடித்தோம். நாலாக, எட்டாக. மூலைகள் சரியாகச் சேர்ந்தன. அப்படியே மூட்டையாகக் கயிற்றில் ஏற்றிக் கட்டினோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே மடிப்பு அது.

அப்பா அறை வாசலில் நின்று அந்த மூட்டையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் அம்மா நின்றாள். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

தேனாம்பேட்டைக்காரர்கள் வந்த அன்று காலையிலிருந்தே வானம் கொட்டியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. பேச்சை இப்போதே முடித்து, ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் கழித்துக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்பது ஏற்பாடு. அதனால் மழையிலும் ரிக்ஷா வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், பையனின் அப்பாவும் அம்மாவும். பையனுக்கு ஆபீஸில் லீவு இல்லையாம்.

எனக்கு அந்தப் பெரியவரைப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டது. சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. நனைந்த குடையை உதறிக்கொண்டே, "சம்பந்தி வீட்டுக்கு வரும்போது மழை வந்தா நல்ல சகுனம்னு எங்க வீட்டுல சொல்லிக்கிட்டே வந்தாங்க. ரிக்ஷாக்காரன்தான் ஒத்துக்கல," என்றார். பேச்சு முடிவதற்கு முன்பே சம்பந்தி என்கிறாரே என்று அம்மாவின் முகம் மலர்ந்தது. அக்கா காப்பி கொண்டுவந்தாள். அவர் அவளிடம் பாட்டுப் பாடச் சொல்லவில்லை, நடந்து காட்டச் சொல்லவில்லை. எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய், பசங்கள் படுத்துகிறார்களா என்று கேட்டார். அக்கா தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். போன இரண்டு இடத்துக்காரர்கள் முன்னால் அவள் தலை நிமிரவே இல்லை.

பிறகு பெரியவர்கள் பரம்பரைப் பேச்சில் இறங்கினார்கள். அம்மா கோயில் கணக்கு எழுதிய பரம்பரையைச் சொன்னாள். அந்த அம்மாள், தங்கள் பக்கம் பெரியவர்கள் கோட்டையில் வெள்ளைக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்ததாகச் சொன்னார். அப்பா சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அப்போது மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

அம்மா அச்சு முறுக்குத் தட்டை நகர்த்தி அதை மறைத்தாள். இரண்டாவது சொட்டு பெரியவரின் காப்பியில் விழுந்தது. அவர் டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லை, அதுவும் காப்பிக் கலர்தான்."

"மேல பழைய இரும்புச் சாமான். துரு," என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடு விலகி மழை உள்ளே இறங்கி, எங்கள் புடவை மூட்டை குடிக்கிற மட்டும் குடித்துவிட்டுச் சாயத்தைக் கக்குகிறது. "பாய் நனையுது," என்று எழுந்து ஓடினேன். என் காலுக்கு எப்போதும் யோசிக்கிற பழக்கம் இல்லை. பின்னால் அம்மா, "ஒரு ஏழை மீன்காரன் வெச்சுட்டுப் போனான், தர்மத்துக்காக..." என்று சொல்வது கேட்டது. படியில் எனக்குப் பின்னால் இன்னொரு காலடியும் கேட்டது.

"பொண்ணு தனியா இழுத்துக்கிட்டு நிப்பா. நான் ஒரு கை கொடுக்கிறேன்," என்று பெரியவர் மேலே வந்துகொண்டிருந்தார்.

அறைக்குள் கூரையிலிருந்து நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மூட்டையைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கயிற்றை அவிழ்த்து மூட்டையைத் தரையில் இறக்கி ஒரு மடிப்பைப் பிரித்தவர், மடிப்புக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"இன்னாம்மா இது. யாரு இத பொடவ கணக்கா மடிச்சது? மடிச்ச எடத்துல வெடிச்சிரும்."

கீழே காப்பி குடித்தவர் பேச்சு அல்ல அது. அவருக்கே அது தெரியவில்லை.

"ஈரத்தோட சுத்தக் கூடாது. மொதல்ல தூக்கிக் கட்டி வடிய வுடணும். அந்தக் கூர் முனைய நீ புடி. அங்க இல்ல, சன்னல் பக்கம் வா. காத்து அங்கேருந்துதான் வருது."

நான் பிடித்தேன். அவர் கையும் காலும் வேலை செய்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நனையாத மூலையில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டினார். பாயின் ஓரத்தில் தைத்திருந்த வடத்தை நீளவாக்கில் அதன்மேல் போட்டார். நுனியைக் கட்ட ஒரு கை குறைந்தது. சட்டென்று கயிற்றை வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கி, பின்னால் சாய்ந்து இழுத்து, ஒரே கையால் முடிச்சுப் போட்டு முடித்தார். முகத்தில் சந்தோஷம். ஆபீஸ் ஃபைல் கட்டுகிறவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் வராது.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அப்பா நின்றிருந்தார். அவர் அந்தக் கால் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கட்டுமரத்தில் போகிறவர் கால் என்று அப்பாவுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்குத் தெரியும். நான் மாதா படத்து முன்னால் சொன்னதும் நினைவுக்கு வந்தது. என் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது: அவரும் அப்படி, நாமும் அப்படி, அப்படியானால் இனி பயமே இல்லை, அக்காவின் கல்யாணம் நடந்த மாதிரிதான். அப்பா இப்போது வாயைத் திறந்து சொல்வார். அவர்தானே சொல்ல வேண்டும், நான் சொன்னால் நன்றாக இருக்காது, என்று காத்திருந்தேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்த ஒரே தருணம் அதுதான்.

அப்போது வெளிப்பக்கத்துப் படி வழியாகத் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு பாயின் சொந்தக்காரர் வந்தார். உடம்பெல்லாம் தண்ணீர்.

"மழ இந்த ஊத்து ஊத்துதே, பாய் இன்னா ஆச்சோன்னு..." என்று தொடங்கியவர் கட்டியிருந்த பாயைப் பார்த்து நின்றுவிட்டார். கிட்டப் போனார். முடிச்சை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, வெகுநாள் காணாத உறவுக்காரரைக் கண்டது போலச் சிரித்தார்.

"இன்னா கட்டு நைனா இது. எங்க அப்பன் போடுற கட்டு. நீங்க எந்தக் குப்பம்?"

உள்படியில் பையனின் அம்மா பாதி ஏறி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அக்கா.

"குப்பமா? இல்லப்பா." பெரியவர் குரல் மறுபடி கோட்டுப் போட்டுக்கொண்டது. "சின்ன வயசுல லீவுக்குப் போனப்ப எங்கேயோ பார்த்தது."

"பாத்தா கை வரும். கால் வெரல் வருமா நைனா? நான் அந்தாண்ட ஏறி வர்றப்பவே சன்னல்ல பாத்துக்கினுதான் வந்தேன்." அவர் கேலி செய்யவில்லை. பாராட்டினார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பெரியவர் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். அப்படியே தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. தண்ணீரில் விழுந்தவன் கரையில் நிற்பவனைப் பார்க்கிற பார்வை. நீயாவது ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி. அப்பா சொல்லியிருக்கலாம்: எங்கப்பாவும் மரத்துல போனவர்தாங்க. மூன்று வார்த்தை. அந்த அறையில் அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

"மழை விட்ட மாதிரி இருக்கு," என்றார். "கீழ போகலாமா?"

மழை விடவில்லை. ஓட்டின்மேல் அது விழுந்த சத்தத்தில் அப்பாவின் குரலே சரியாகக் கேட்கவில்லை. நான் பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள் வந்த முதல் உணர்ச்சி என்ன என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, எழுதவும் கூசுகிறது. நல்லவேளை, அகப்பட்டது நாங்கள் இல்லை என்கிற நிம்மதி. ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

கிணற்றடியில் பெரியவர் கை கழுவினார். சாயம் உள்ளங்கை ரேகைக்குள் இறங்கியிருந்தது, சட்டைக் கைப்பட்டியிலும் ஏறியிருந்தது. அப்பா சோப்பு எடுத்துக் கொடுத்தார். "பரவாயில்லைங்க வாத்தியார் சார், போய் வெளுக்கப் போட்டுக்கலாம்," என்றார். சம்பந்தி என்ற சொல் அதற்குப் பிறகு வரவில்லை. அந்த அம்மாளுக்குத் திடீரென்று தலைவலி. அச்சு முறுக்கு அப்படியே இருந்தது. ரிக்ஷாவின் முன்படுதாவை இறக்கிக்கொண்டு போனார்கள்.

உபதேசியார் அடுத்த வாரம் பூசை முடிந்து வந்தார். பையனுக்கு இப்போதைக்குக் கல்யாண எண்ணம் இல்லையாம். அவ்வளவுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று அம்மா அழுதாள். "அந்த நாத்தம் மேலேருந்து இறங்கிச்சு. நம்மளை மோப்பம் பிடிச்சிட்டாங்க."

"நம்மளை யாரும் பிடிக்கலம்மா," என்றாள் அக்கா. அவள் அழவில்லை. பிள்ளைகளின் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவர் கோட்டை ஆணியிலேருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவருக்கு ஒரு கை உள்ள போகவே இல்ல. நான் பிடிச்சுப் போட்டுவிட்டேன். மருமகளா வரப்போறவ முன்னாடி அப்படி நின்னவர், தினமும் என் கையால எப்படிச் சோறு வாங்கிச் சாப்பிடுவார்?"

அப்பா கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கும். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் அதற்குப் பிறகும் பாயைப் பார்த்துக்கொண்டேன். ஓட்டைச் சரிசெய்தோம். பாய் காற்றில் நாலு பக்கமும் ஆறிக் காய்ந்த பிறகு, அப்பா ஒரு மாலை மேலே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, வடத்தை உள்ளே விட்டு, கூர் முனையிலிருந்து தளர்வாக உருட்டத் தொடங்கினார். கயிற்றை இழுக்க வேண்டி வந்தபோது அவர் வலது கால் தானாக முன்னே வந்தது. விரல்கள் விரிந்தன. என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மற்றவர்கள் பார்க்காத இடத்தில் மட்டும் வருகிற அந்தக் காலைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை நினைத்து வெட்கம், அப்படி வெட்கப்படுகிற என்னை நினைத்தும் வெட்கம். எதில் எது தொடங்கியது என்று பிரிக்கத் தெரியவில்லை.

தை பிறந்து கடல் தெளிந்தது. பாயின் சொந்தக்காரர் வந்து சுருளைக் கூடத்தில் கொஞ்சம் பிரித்துப் பார்த்தார். புடவை மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு வெளுத்திருந்தது. அதை ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொள்வதாகச் சொன்னார். எலியும் தொடவில்லை, பூஞ்சணமும் இல்லை. எங்கள் எல்லோரையும் வாழ்த்தினார்.

அப்பா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பெரிய சாமியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்.

"எங்கப்பாவும் மரத்துல போனவர்தான்பா," என்றார்.

அம்மா அடுக்களை வாசலில் அசையாமல் நின்றாள். அந்த மனிதர் சுருளைக் கட்டிக்கொண்டே நிமிராமல் சிரித்தார்.

"தெரியாமலா வாத்தியாரே? எங்க தெருவுல சின்னதுலேருந்து பெரிசு வரிக்கும் தெரியும். இத்தினி மாடி ஊடு கீது, இங்க எதுக்குத் தூக்கிக்கினு வந்தேன்? பாயோட அரும தெரிஞ்ச ஊடாச்சேன்னுதான்." முடிச்சை இறுக்கினார். "ஆமா, அன்னிக்கி வந்தாரே ஒரு பெரியவரு, நல்ல கை. நம்மாளுங்கதான? உங்களுக்குச் சொந்தமா?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார்.

"ஆகியிருக்க வேண்டியவர்," என்றார்.

"அப்பறம்?"

அப்பா உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சுருளின் ஒரு முனையைத் தோளில் தூக்கிக்கொண்டேன். அம்மா தடுக்கவில்லை. இரண்டு பேருமாகத் தெருவில் இறங்கினோம். சாயத்தின் வாடையும் மீனின் வாடையும் என் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. கோயில் முனையில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோயில் பங்குக்காரர்கள்தான். தலையைக் குனியாமல் நடப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். அவர்கள் நகர்ந்து வழிவிட்டுவிட்டு, மண்ணெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கிறது என்ற பேச்சைத் தொடர்ந்தார்கள். எதிர்வீட்டுச் சாயபு மட்டும் மெத்தையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னா பாப்பா, நல்லா காஞ்சிதா?" என்றார்.

"காஞ்சிடுச்சு," என்றேன்.